விலை கொடுத்தது நாம்... அபராதம் யாருக்கு?

ரொட்டி, சிமெண்ட், டார்ச் லைட் செல், செல்போன்... உலகம் முழுக்கப் போட்டிச் சட்டங்கள் இருக்கின்றன. திருடர்கள் பிடிபடவும் செய்கிறார்கள். ஆனால் பறிகொடுத்தவர் கைக்குப் பணம் திரும்புவதில்லை. எங்கே இடறுகிறது?

கேப் டவுன், 2006 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. பேக்கரிகளில் ரொட்டி எடுத்துத் தெருக்கடைகளுக்குப் போட்டுவரும் விநியோகஸ்தர்களுக்கு ஒரு சேதி வந்தது. ரொட்டிக்கு 30 முதல் 35 சென்ட் வரை விலை கூடுகிறது. உங்கள் கமிஷனும் குறைகிறது.

ஒரு கம்பெனி மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த கம்பெனிக்குப் போயிருப்பார்கள். வியாபாரத்தில் அதுதானே வழக்கம்? ஆனால் அடுத்த கம்பெனியும் அதையேதான் சொன்னது. அதற்கடுத்ததும் அதையே சொன்னது. போதாததற்கு, ஒரு கம்பெனியின் விநியோகஸ்தர் இன்னொரு கம்பெனிக்கு மாறிப்போனால் சரக்கு கொடுப்பதில்லை என்றும் அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

விநியோகஸ்தர்களில் ஒருவர் இம்ரான் முகத்தம். மூன்று கடைக்காரர்கள் ஒரே நாளில் ஒரே விலையை ஏற்றினால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மூரில் அதைச் 'சிண்டிகேட்' என்போம். தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டினார்.

கூட்டாளியே அப்ரூவர் ஆனார்

விசாரணை தொடங்கியதும் பிரீமியர் ஃபுட்ஸ் கம்பெனி தானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டது. முதலில் உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் இல்லை என்பது அங்கே விதி. அடுத்து டைகர் பிராண்ட்ஸ் தவற்றை ஏற்று, 2007இல் 9.8 கோடி ராண்டுக்கும் மேல் கட்டியது. பயனியர் ஃபுட்ஸ் கடைசிவரை மல்லுக்கு நின்றது. 2010 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதற்கு 19.5 கோடி ராண்டுக்கும் மேல் அபராதம் போட்டது.

இதுவரை சட்டத்துக்கு வெற்றி. இனி, ரொட்டி வாங்கித் தின்றவர்களின் கதைக்கு வருவோம்.

வீட்டுச் செலவில் சாப்பாட்டுக்கே பெரும்பங்கைக் கொடுக்கும் குடும்பத்துக்கு 35 சென்ட் பெரிய காசு. அந்தக் காசு அவர்களுக்குத் திரும்பவில்லை. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. 'எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நாங்களே கூட்டாக வழக்குப் போடுகிறோம்' என்று விநியோகஸ்தர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அனுமதிக்கவில்லை. 2013இல் அரசியல் சாசன நீதிமன்றம்தான் அந்த ஆணைகளை ரத்து செய்து, மீண்டும் மனுச் செய்யலாம் என்றது. புகார் கொடுத்து ஏழாவது வருடம் கிடைத்தது இழப்பீடு இல்லை; இழப்பீடு கேட்கப்போவதற்கு அனுமதி கேட்கும் வாய்ப்பு.

பிடிப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கான வழி அதில் பாதியில் நின்றுவிடுகிறது. கேப் டவுனில் மட்டுமா? டெல்லியிலும் பிரஸ்ஸல்ஸிலும் லண்டனிலும் கதை இதுவேதான்.

---

பெட்டிச் செய்தி: போட்டிச் சட்டம் – ஒரு பார்வை

• 1890: அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம். ஏகபோகத்துக்கும் கூட்டுச் சதிக்கும் எதிரான முன்னோடிச் சட்டங்களில் ஒன்று.

• 1911: ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 34 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது.

• 1969: இந்தியாவில் எம்.ஆர்.டி.பி. (ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள்) சட்டம். அதன் இடத்துக்கு 2002இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் தண்டனைப் பிரிவுகள் 2009 மே 20 முதல் அமலுக்கு வந்தன.

• 2001: பல நாட்டு ஆணையங்கள் சேர்ந்து சர்வதேசப் போட்டி வலையமைப்பை உருவாக்கின. இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகள், பிராந்தியங்களில் போட்டிச் சட்டம் உண்டு.

• மூன்று குற்றங்கள்: போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பது; பெரிய கம்பெனி தன் பலத்தை வைத்துச் சிறியவர்களை மிதிப்பது; போட்டியே இல்லாமல் போகும்படி கம்பெனிகளை இணைப்பது.

---

மூன்று கவர், ஒரே விலை: 388 ரூபாய்

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் நெல்லும் கோதுமையும் பூச்சி பிடிக்காமல் இருக்க, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 2009 மே மாதம் அந்த மாத்திரை வாங்க டெண்டர் விட்டார்கள். டெண்டர் என்றால் ஒவ்வொருவரும் தன் விலையை மற்றவருக்குத் தெரியாமல் எழுதி, கவரை ஒட்டிப் போடவேண்டும். கவர்களைப் பிரித்தபோது மூன்று கம்பெனிகள் எழுதியிருந்த விலை ஒன்றாக இருந்தது: கிலோ 388 ரூபாய். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் மூன்று கம்பெனிகளுக்கும் அபராதம் விதித்தது. யுனைடெட் ஃபாஸ்பரஸுக்கு 252.44 கோடி ரூபாய், எக்ஸெல் கிராப் கேருக்கு 63.90 கோடி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கணக்கை மாற்றியது. பல சரக்குகள் விற்கும் கம்பெனி, ஒரு மாத்திரையில் செய்த தவறுக்கு மொத்த விற்பனையையும் வைத்தா அபராதம் கட்டவேண்டும்? அந்த மாத்திரையின் விற்பனையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்றது. 252 கோடி சுமார் 7 கோடியானது. 64 கோடி 3 கோடிக்கும் கீழே இறங்கியது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இந்தக் கணக்கையே ஏற்றது.

தண்டனை தவற்றுக்குத் தக்கபடி இருக்கவேண்டும் என்ற நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்கவேண்டும். சிண்டிகேட் போட்டு வருடக்கணக்கில் சம்பாதித்ததைவிட, பிடிபட்டால் கட்டும் தொகை குறைவு என்றால், கம்பெனி அதைத் தொழிற்செலவாகத்தான் எழுதிக்கொள்ளும். 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தின் உச்சவரம்புக்குக் கம்பெனியின் உலகளாவிய விற்றுமுதலை எடுத்துக்கொள்ளலாம் என்றது இதற்காகத்தான். திருத்தம் 2024இல் அமலுக்கு வந்தது. ஐரோப்பாவில் இது பழைய வழக்கம்.

கேட்டவரே தீர்ப்புச் சொல்லவேண்டும்

தமிழ்நாட்டில் வீடு கட்டிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சிமெண்ட் மூட்டை விலையைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கும். அந்தப் புலம்பலைப் புகாராக எழுதிப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தது இந்தியக் கட்டுநர் சங்கம், 2010இல். இரண்டு வருடம் கழித்து, 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். விலையையும் உற்பத்தியையும் கூடிப் பேசிக் கட்டுப்படுத்தினார்கள் என்பது அதன் முடிவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்தன, மேல்முறையீடு செய்தன.

2015 டிசம்பரில் அந்த உத்தரவே ரத்தானது. சிமெண்ட் கம்பெனிகள் குற்றமற்றவை என்பதால் இல்லை. வாதங்களை நேரில் கேட்காத ஆணையத் தலைவரும் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பதால். வழக்கைக் கேட்டவரே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது நீதியின் பாலபாடம். அது தவறியதால், ஐந்து வருடப் பயணம் மறுபடி முதல் படிக்கட்டுக்கு வந்தது.

---

பெட்டிச் செய்தி: சிமெண்ட் வழக்கின் காலண்டர்

• 2010: கட்டுநர் சங்கம் புகார்.

• 2012 ஜூன்: சுமார் 6,300 கோடி அபராதம்.

• 2015 டிசம்பர்: தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது.

• 2016 ஆகஸ்ட்: மறுபடி உத்தரவு, சுமார் 6,700 கோடி.

• 2018 ஜூலை: மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை உறுதி செய்தது.

• 2018 அக்டோபர்: உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்று, 10 சதவிகிதத்தைக் கட்டச் சொல்லி, மீதியை வசூலிக்கத் தடை விதித்தது.

---

புகாருக்கும் அந்தத் தடைக்கும் இடையே எட்டு வருடங்கள். 2010இல் அஸ்திவாரம் போட்டவர்கள் அதற்குள் கிரகப்பிரவேசம் முடித்து, இரண்டு முறை வெள்ளையடித்தும் இருப்பார்கள். தாமதத்துக்கு அதிகாரிகளின் சோம்பல் மட்டும் காரணமில்லை. கூடிப் பேசியவர்கள் அதைக் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. பொருளாதாரக் கணக்குகளை வைத்துச் சதியை நிரூபிக்கவேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் எதிர்க்கணக்குப் போடக் கம்பெனிகளிடம் நாட்டின் சிறந்த வழக்கறிஞர்கள் உண்டு. அதனால்தான் உள்ளேயிருந்து ஒருவர் வாய்திறப்பது இந்த வழக்குகளில் தங்கத்துக்குச் சமம்.

டார்ச் லைட்டுக்குப் போடும் செல்லே அதற்கு உதாரணம். எவரெடி, நிப்போ, பானசோனிக் ஆகிய மூன்று கம்பெனிகளும் 2008 முதல் 2016 வரை பேசி வைத்து விலை ஏற்றியதை ஆணையத்திடம் வந்து சொன்னது பானசோனிக்தான். 2018 ஏப்ரலில் எவரெடிக்கு 171.55 கோடி, நிப்போ செல் தயாரிக்கும் இந்தோ நேஷனலுக்கு 42.26 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. முதலில் சொன்ன பானசோனிக்குக்கு முழு மன்னிப்பு. இந்தியாவில் ஒரு கம்பெனிக்கு நூறு சதவிகிதச் சலுகை கிடைத்தது அதுவே முதல் முறை.

கூடச் சேர்ந்து தப்பு செய்தவனுக்கு மன்னிப்பா என்று மனசு கேட்கும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு மன்னிப்பு, சிண்டிகேட்டின் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் மேல் சந்தேகத்தை விதைக்கிறது. நம்பிக்கை போனால் சிண்டிகேட் நிற்காது. அமெரிக்கா 1993இல் இந்த முறையைக் கூர்மையாக்கிய பிறகு, நாடு நாடாக இது பரவியதற்குக் காரணம் அதுதான்.

தேடினாலும் கிடைக்காத கம்பெனி

சிமெண்டையும் செல்லையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். திரைக்குள் இருக்கும் சந்தையை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்தில் ஷிவான் ராஃப், ஆடம் ராஃப் என்ற தம்பதி, பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் 'ஃபவுண்டெம்' என்ற இணையதளத்தை 2006இல் தொடங்கினார்கள். தொடங்கிய சூட்டோடு கூகுள் தேடலில் அவர்களுடைய தளம் அடியாழத்துக்குப் போய்விட்டது. கூகுளில் தெரியாத கடை, பூட்டிய கடை. 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டார்கள். தன் சொந்த ஷாப்பிங் சேவையை மேலே தூக்கி, போட்டியாளர்களைக் கீழே தள்ளியதாக 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில். புகாருக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 15 வருடங்கள். ஃபவுண்டெம் 2016லேயே மூடப்பட்டுவிட்டது. வழக்கில் ஜெயித்தார்கள், கடை போய்விட்டது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம், தேடல் முடிவுகளில் கூகுள் பாரபட்சம் காட்டுகிறது என்று 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் வந்தது. ஆறு வருடங்கள் கழித்து, 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் பல இந்திய ஆப்களோடு பாரத் மேட்ரிமோனியின் ஆப்களையும் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்ப வந்தன. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கடைத்தெருவின் நுழைவாயில் சாவி ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

சீக்கிரம் தீர்ப்பு வந்தால் பலன் உண்டு என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. கூகுள் மீதான ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபரில் இந்திய ஆணையம் 1,337.76 கோடி அபராதத்தோடு, நடைமுறையை மாற்றவும் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்தது. அதே மாதமே கூகுள், இந்தியாவில் போன் தயாரிப்பவர்கள் ஆப்களைத் தனித்தனியாக உரிமம் பெறலாம், பயனாளர் தேடுபொறியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. அபராதத் தொகை செய்யாததை அந்த உத்தரவு செய்தது.

ஐரோப்பா தன் கூகுள் வழக்கிலிருந்து ஒரு பாடம் படித்தது. தவறு நடந்து, புகார் வந்து, விசாரித்து முடிப்பதற்குள் சந்தை செத்துவிடுகிறது. ஆகவே நுழைவாயில் காக்கும் பெரிய கம்பெனிகளுக்கு முன்கூட்டியே விதி போட்டுவிடுவோம் என்றது. அப்படி வந்ததுதான் டிஜிட்டல் சந்தைகள் சட்டம். அதன் கடமைகள் 2024 மார்ச் முதல் அமலில் உள்ளன. மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவிகிதம் வரை அபராதம். இந்தியாவும் 2024 மார்ச்சில் இதேபோல ஒரு வரைவை வெளியிட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. வளரும் கம்பெனிகளின் கையைக் கட்டிவிடும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. வரம்பைக் கவனமாக வைக்கலாம். ஆனால் வரம்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபவுண்டெமின் 15 வருடங்களே பதில்.

எல்லை தாண்டிய சிண்டிகேட், எல்லைக்குள் நிற்கும் சட்டம்

1990களில் உலகின் பெரிய வைட்டமின் கம்பெனிகள் கூடி, எந்த நாட்டில் யார், எவ்வளவு, என்ன விலைக்கு விற்பது என்று பங்கு போட்டுக்கொண்டன. மனிதர்களின் உணவிலும் கோழி, மாட்டுத் தீவனத்திலும் கலக்கும் வைட்டமின்கள் அவை. 1999இல் அமெரிக்காவில் ஹாஃப்மன்-லா ரோஷ் 50 கோடி டாலரும், பி.ஏ.எஸ்.எஃப். 22.5 கோடி டாலரும் குற்ற அபராதமாகக் கட்ட ஒப்புக்கொண்டன.

அதிக விலை கொடுத்தவர்கள் அமெரிக்காவில் மட்டுமா இருந்தார்கள்? உக்ரைன், ஆஸ்திரேலியா, ஈக்வடார், பனாமா நாடுகளில் வைட்டமின் வாங்கிய வியாபாரிகள், எங்களுக்கும் ஈடு கொடுங்கள் என்று அமெரிக்க நீதிமன்றம் ஏறினார்கள். உங்கள் நஷ்டம் உங்கள் நாட்டில் நடந்தது, இங்கே வழக்குப் போட இடமில்லை என்று 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் சொந்த நாட்டில் பல்லுள்ள போட்டி ஆணையம் இல்லாதவர் எங்கே போவார்?

நம் பக்கத்து நாட்டையே பாருங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், அதற்கு முன்பிருந்த நியாய வர்த்தக ஆணையத்தைக் கலைத்தது. கம்பெனி இணைப்புகளைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் அதோடு போனது. தனித்து நின்றால் பலமில்லாத சிறிய நாடுகளுக்கு ஆப்பிரிக்கா ஒரு வழி காட்டுகிறது. கோமெசா என்ற வர்த்தகக் கூட்டமைப்பு, மலாவியின் லிலோங்வே நகரில் பொதுவான ஒரு போட்டி ஆணையத்தை வைத்து, 2013 முதல் நடத்துகிறது. ஊருக்கு ஒரு காவலர் வைக்க முடியாதவர்கள் பத்து ஊர் சேர்ந்து ஒரு காவல் நிலையம் வைப்பது மாதிரி.

என்ன செய்யலாம்?

முதலாவது, காலக்கெடு. 2023 திருத்தம், கம்பெனி இணைப்பு மனுக்களை முடிக்கும் காலத்தை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தது. கம்பெனிகளுக்கு அவசரமான வேலைக்குக் கெடு இருக்கும்போது, மக்கள் பறிகொடுத்த வழக்குக்கும் மேல்முறையீட்டுக்கும் ஏன் கெடு இல்லை?

இரண்டாவது, ஆணையங்களுக்கு ஆளும் பணமும். ஆயிரம் கோடிக் கம்பெனியின் கணக்கைப் படிக்கத் தெரிந்த பொருளாதார நிபுணர்களும் கம்ப்யூட்டர் வல்லுநர்களும் இல்லாமல் எந்தச் சட்டமும் வேலை செய்யாது. நாட்டுக்கு நாடு சாட்சியங்களைப் பகிரும் ஒப்பந்தங்களும் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பறிபோன பணம் திரும்பவேண்டும். இந்தியச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி உண்டு. ஆனால் தவறு நடந்தது என்று ஆணையமோ தீர்ப்பாயமோ முடிவு செய்த பிறகுதான் அந்தக் கதவைத் தட்ட முடியும். பிரிட்டன் 2015இல் ஒருவரே கோடிக்கணக்கான பேருக்காக வழக்காடும் முறையைக் கொண்டுவந்தது. மாஸ்டர்கார்டுக்கு எதிராக 4.6 கோடிப் பேர் சார்பில் 1,400 கோடி பவுண்டு கேட்டு 2016இல் வழக்கு வந்தது. 2025இல் அது 20 கோடி பவுண்டுக்கு முடிந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதற்காக வழியை அடைக்கவேண்டியதில்லை, அகலப்படுத்தவேண்டும்.

அதற்குள் செய்யக்கூடிய ஒன்றையும் தென்னாப்பிரிக்காவே காட்டியிருக்கிறது. மாவு உள்ளிட்ட மற்ற விசாரணைகளை முடித்துக்கொள்ள 2010 நவம்பரில் பயனியர் ஃபுட்ஸ் 50 கோடி ராண்ட் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 25 கோடி ராண்ட், உணவுத் தொழிலில் புதிதாக நுழையும் சிறு கம்பெனிகளுக்கான நிதியாக ஒதுக்கப்பட்டது. கூடவே, மாவிலும் ரொட்டியிலும் 16 கோடி ராண்ட் லாபத்தை விட்டுக்கொடுத்து விலையைக் குறைக்கவும் கம்பெனி சம்மதித்தது. நஷ்டப்பட்ட ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சில்லறை எண்ணிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் எந்தக் கடையில் பணம் போனதோ அதே கடையில், அதே பொருளின் விலையில் கொஞ்சமாவது திரும்பி வந்தது. அடுத்த சிண்டிகேட்டை உடைக்கக்கூடிய புதிய போட்டியாளர்களும் அந்தப் பணத்தில் கிளம்பினார்கள். நம் அபராதங்களுக்கும் இப்படி ஒரு விதி எழுத, புதிய சர்வதேச மாநாடு எதுவும் தேவையில்லை.

வீடு கட்டியவர்கள் எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கும். முனை மடங்கி, சுண்ணாம்புக் கறை பட்டிருக்கும். மணல் இத்தனை லோடு, கம்பி இத்தனை கிலோ, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, சிமெண்ட் இத்தனை மூட்டை. வீடு முடிந்து எத்தனையோ வருடம் ஆனாலும் அந்த நோட்டைத் தூக்கி எறிய மனம் வராது. சிமெண்ட் என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும், யாரோ ஒரு மூடிய அறையில் பேசி ஏற்றிய காசும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கத்தான் 2010இல் ஒரு புகார் போனது. அந்தக் கேள்விக்கு நோட்டு செல்லரித்துப்போகும் முன்னால் பதில் வரவேண்டும். 'ஆம்' என்று வந்தால், நோட்டில் வரவு என்று எழுத ஒரு வரியாவது இருக்கவேண்டும்.